எரிமலைக்குப் போன கற்பூரம்

வடவேற்குடி இராஜாங்கம் ஒன்றியச் சேர்மனாக இருந்தது ஒரே ஒரு தடவை. அதுவும் முழுசாக முடியவில்லை, பாதியில் கலைத்துவிட்டார்கள். ஆனால் சேர்மன் என்ற சொல் அவரைவிட்டு இறங்கவே இல்லை. வீட்டுக்கு யாராவது வந்தால் அவர் மனைவி அகிலாண்டம்கூட, “சேர்மன் குளிக்கிறாங்க, உட்காருங்க” என்றுதான் சொல்வாள். ஆட்சி மாறும்போதெல்லாம் அவர் வேட்டியின் கரை மாறும். வேட்டிக்குள் இருக்கும் சேர்மன் மாறமாட்டார்.

ஒரு பொதுக்கூட்டத்தில், மைக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த சொல் வராமல் தவித்த பேச்சாளர் ஒருவர், கண்ணில் பட்ட இராஜாங்கத்தை “டெல்டாவின் எரிமலை” என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார். பட்டம் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு வந்த பேனர்களில் எல்லாம் அவர் தலைக்குப் பின்னால் ஒரு மலையும், மலையின் வாயில் நெருப்பும் இருந்தன. வாய்க்காலில் விட்ட தண்ணீர் எந்தப் பக்கம் போவதென்று நின்று யோசிக்கும் அளவுக்குத் தட்டையான ஊர் அது. மலையைப் படத்தில் பார்த்தால்தான் உண்டு.

மேட்டூர் திறக்காமல் குறுவை பொய்த்துப்போன ஒரு கோடையில், இந்த எரிமலை அசல் எரிமலையைப் பார்க்கப் புறப்பட்டது. வெளியே சொன்ன காரணம், அயல்நாட்டு நீர்ப்பாசன ஆய்வுப் பயணம். உள்ளே இருந்த காரணம் கற்பூரம்.

அதற்கு முந்திய வருடம் வடவேற்குடிக்கு ஒரு கம்பெனி வந்திருந்தது. வயலைத் துளைத்து அடியில் இருக்கும் வாயுவை எடுப்பார்களாம். ஊர் கொதித்தது. கொதித்த ஊருக்கு முன்னால் போய் நின்றால்தான் சேர்மனாக இருக்க முடியும் என்பதால் இராஜாங்கமும் போய் நின்றார். பிடாரியம்மன் கோயிலில் ஊர் கூடிச் சத்தியம் செய்வதென்று முடிவானது. டிவிக்காரர்கள் வந்தார்கள். கூட்டம் கேமராவில் சின்னதாகத் தெரிகிறது என்று அவர்களில் ஒருவன் சொன்னான். அதுவரைக்கும் தேரடியோடு நின்று கும்பிட்டுப் போகும் கீழத்தெரு சனங்களை உள்ளே வரச் சொல்லிக் கதவை விரியத் திறந்தார்கள். சமத்துவம் அன்றைக்கு அந்தக் கோயிலுக்கு வந்தது அந்த வழியாகத்தான்.

தட்டில் கற்பூரம் எரிந்தது. கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சொன்னால் அந்தப் பக்கத்தில் அது மாற்ற முடியாத சத்தியம். மேலத்தெருவுக்கு இராஜாங்கம், கீழத்தெருவுக்கு வைரக்கண்ணு. “உயிர் இருக்கிறவரைக்கும் ஒரு பிடி மண்ணு போவாது” என்று உரக்கச் சொல்லிவிட்டு இராஜாங்கம் கையைக் கொண்டுபோனார். சூடு தெரிந்ததும் கை கொஞ்சம் யோசித்தது. அதற்குள் வைரக்கண்ணுவின் கை மேலிருந்து வந்து, அவர் கையையும் சேர்த்து அழுத்தி நெருப்பை அணைத்தது. மறுநாள் பேப்பரில் வந்த படத்தில் வைரக்கண்ணுவின் கை மட்டும் இருந்தது, முகம் இல்லை. இராஜாங்கத்தின் முகம் முழுசாக இருந்தது.

அந்த வைரக்கண்ணுவின் மூன்று மா நிலத்தில்தான், ஏக்கர் கணக்கில் சொன்னால் ஒரே ஒரு ஏக்கரில்தான், எல்லாம் மாட்டிக்கொண்டிருந்தது. எழுபதுகளில் உச்சவரம்புச் சட்டம் வந்தபோது, இராஜாங்கத்தின் தகப்பனார் தன் நிலத்தில் மிக மோசமான துண்டைத் தேடி, ரோட்டோரமாகக் கிடந்த உவர்த் தரையை உபரி என்று எழுதிக்கொடுத்தார். அரசாங்கம் அதை அவரிடம் பண்ணையாளாக இருந்த காத்தானுக்குக் கொடுத்தது. மந்திரி வந்து, மாலை போட்டு, பட்டாவை மேடையில் கொடுத்தார். நிலத்தை வயலில் கொடுக்க மறந்துவிட்டார்கள். காத்தான் முதல் அறுப்புக்கு இறங்கிய அன்று பண்ணை ஆட்கள் கதிரையும் அறுத்துக்கொண்டு, அவர் வலது கையையும் முழங்கைக்குக் கீழே உடைத்துவிட்டுப் போனார்கள். கை கோணலாகத்தான் கூடியது. அந்தக் கோணல் கையாலேயே காத்தான் போகம் போகமாக எரு அடித்து, வண்டல் கொட்டி, உவரைச் செத்துப்போகச் செய்தார். பிறகு அவரும் செத்துப்போனார். நிலம் மகன் வைரக்கண்ணுவுக்கு வந்தது.

விதி என்ன செய்ததென்றால், அந்தத் துண்டைத் தாண்டித்தான் இராஜாங்கத்தின் இருபது ஏக்கர் கிடந்தது. கம்பெனிக்கு வேண்டியது அந்த இருபது ஏக்கர். லாரி போக வேண்டிய வழி வைரக்கண்ணுவின் மூன்று மா. சத்தியம் செய்த சூடு ஆறுவதற்குள் கம்பெனி இராஜாங்கத்துக்குச் ‘சமூக நல்லிணக்க ஆலோசகர்’ என்று ஒரு பதவியைக் காட்டியது. அவருக்குப் பதவி பிடித்திருந்தது. ஆனால் மனசுக்குள் சரி என்று சொன்ன வாரத்திலேயே இடது முழங்கால் வீங்கிக்கொண்டது.

அறுபதாம் கல்யாணத்துக்கு நாள் பார்க்கத் திருக்கடையூர் போனவர், அங்கே ஒரு சோசியரிடம் முழங்காலை நீட்டினார். சோசியர் முழங்காலைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார். “தீயில வச்ச வார்த்தை ஒண்ணு உங்க காலைப் புடிச்சிருக்கு. அதைத் தீயிலதான் எறக்கணும். மனுசன் மூட்டுன தீ உதவாது, தானா எரியற தீயா இருக்கணும். அன்னைக்கு எந்தக் கை அணைச்சுதோ அந்தக் கையெல்லாம் சேர்ந்து மறுபடி அணைக்கணும்.” செய்யவே முடியாத பரிகாரத்தைச் சொன்னால் ஆள் திரும்பி வந்து சண்டை போடமாட்டான் என்பது அவருடைய தொழில் அனுபவமாக இருக்கலாம்.

இராஜாங்கம் சாதாரண ஆள் இல்லை. விவசாயிகளை எங்காவது அழைத்துப்போய், துளைத்த பூமி எப்படிச் சுகமாக இருக்கிறது என்று காட்டுவது கம்பெனியின் திட்டம். அதைப் பார்த்துக்கொண்டவர் ஜெக்கரியா. நாகப்பட்டினத்துக்காரர், எதற்கும் சிரிக்கிற முகம். அவர் குஜராத் என்றார்.

“குஜராத்துல எரிமலை இருக்கா?” என்று கேட்டார் இராஜாங்கம்.

“இல்லிங்க சார். ஐஸ்லாந்துல இருக்கு. நம்ம பார்ட்னர் கம்பெனிகூட அங்க பூமியத் தொளைச்சு நீராவி எடுக்குது. ஆனா அது ரொம்பத் தூரங்க.”

“தூரம் கெடக்கட்டும். எரிமலையைப் பார்க்க ஒரு எரிமலை போவுதுன்னா அதுக்கு ஒரு இது இருக்குல்ல? வைரக்கண்ணுவும் வரணும். அவன் இல்லாம நான் வரமாட்டேன்.”

ஜெக்கரியா இதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்.

வைரக்கண்ணு போகச் சம்மதித்தது கீழத்தெரு சொன்னதால். சேர்மனைத் தனியாக விட்டால் எதை விழுங்கிவிட்டு வருவாரோ, கூட ஒரு கண் இருக்கட்டும் என்றார்கள். அவர் மனைவி ராசம்மாள் கம்பெனி கொடுத்த குளிர்க்கோட்டை மடித்து வைத்துக்கொண்டே சொன்னாள்: “போயிட்டு வா. ஊரு ஒலகத்தப் பாரு. கையெழுத்துப் போடுற கையை மட்டும் அங்க விட்டுட்டு வந்துறாத.”

* * *

ஐஸ்லாந்தில் அவர்களை ஏற்றிக்கொள்ளப் பெரிய சக்கரம் வைத்த ஜீப் ஒன்றை ஒரு பெண் ஓட்டிக்கொண்டு வந்தாள். தலையில் முக்காடு, முக்காட்டுக்கு மேலே கம்பளித் தொப்பி. இவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுவிட்டுத் தமிழில் திரும்பினாள்.

“அய்யா எந்த ஊருங்க?”

“நன்னிலம் பக்கம்.”

“அட! நான் கூத்தாநல்லூருங்க. பேரு ஆமினா. எங்க வூட்டுக்காரரு இங்க ஓட்டல்ல சமைக்கிறாரு. கோடையில நான் ஆளுங்களை மலைக்குக் கூட்டிட்டுப் போவேன்.”

இராஜாங்கத்தின் முகம் தொங்கிவிட்டது. “கூத்தாநல்லூரா? அதுக்கா நான் பிளேன் மாறி மாறி வந்தேன்?”

“பஸ்ல வந்திருந்தா சீக்கிரம் பார்த்திருக்கலாங்க” என்றாள் ஆமினா.

முதலில் நீராவிக் கம்பெனி. வெள்ளிபோல மின்னும் குழாய்கள் கறுத்த தரையில் போய்க்கொண்டிருந்தன. வெண்புகை எழுந்து காற்றில் சாய்ந்தது. ஜெக்கரியா கையை விரித்துக் காட்டினார்.

“பாருங்கண்ணே. எவ்வளவு ஆழம் தொளைச்சிருக்காங்க! என்ன ஆச்சு? ஒண்ணும் ஆவல.”

வைரக்கண்ணு சுற்றிலும் பார்த்தார். “ஒண்ணும் ஆவலதாங்க. ஆவுறதுக்கு இங்க என்ன இருக்கு?”

ஜெக்கரியா சிரித்தார். அவர் எதற்கும் சிரிப்பார்.

அதற்கு மேல் ரோடு ரோடாக இல்லை. கறுப்பு மணல். கண்ணுக்கு எட்டிய மட்டும் மரம் இல்லை, வீடு இல்லை, கம்பம் இல்லை. எப்போதோ உருகி ஓடிய பாறை, ஓடிய கோலத்திலேயே உறைந்து கிடந்தது. சில குன்றுகள் மஞ்சள், சில சிவப்பு, நடுவே கோடைக்கும் கரையாத பனி. வைரக்கண்ணு ஜீப்பிலிருந்து இறங்கியதும் செய்த முதல் காரியம், ஒரு பிடி மண்ணை அள்ளி மோந்தது. வாசனை இல்லை. விரலிடுக்கில் உலர்ந்து உதிர்ந்தது. ஒரு நண்டு வளை இல்லை. ஒரு கொக்கு இல்லை. தன் அப்பாவுக்குக் கொடுத்த உவர்த் தரையில்கூட ஓரத்தில் நாலு கோரை இருந்தது அவருக்கு ஞாபகம் வந்தது.

வழியில் பாலம் இல்லாத ஆறு ஒன்று வந்தது. பால் நிறத் தண்ணீர், கரை புரண்டு. ஜீப் அப்படியே இறங்கிக் கடந்தது. தண்ணீர் கதவுவரை வந்தது.

“இந்தத் தண்ணிய யாரு தொறந்து வுடுறாங்க?” என்று கேட்டார் வைரக்கண்ணு.

“யாரும் தொறக்கலிங்க. மேல பனி உருகுது, தானா வருது.”

“எங்க போவுது?”

“கடலுக்குத்தான்.”

கோர்ட்டில் கேஸ் போடாமல் வருகிற தண்ணீரை வைரக்கண்ணு அதுவரை பார்த்ததில்லை.

இராஜாங்கத்துக்கு வேறு கவலை. “ஏம்மா, இவ்வளவு நெலமும் யாருது?”

“யாருதும் இல்லிங்க. எல்லாருக்கும் பொது. ஆடு மேய்க்க உரிமை உண்டு. சொந்தம்னு யாரும் சொல்லிக்க முடியாது.”

“அதெப்படி? பட்டா யாரு பேர்ல இருக்கு?”

“பட்டா இல்லிங்க.”

“இல்லைன்னா? ஒரு முன்சீப்பு, ஒரு கணக்குப்பிள்ளை, யாராவது எழுதாமலா வுட்டிருப்பான்?” இராஜாங்கம் சன்னல் வழியே அந்தப் பாழ்வெளியைப் பார்த்தார். பரம்பரை பரம்பரையாக ஒரு குடும்பம் செய்திருக்க வேண்டிய காரியத்தைச் செய்யாமல் விட்டிருக்கிறார்களே என்ற வருத்தம் அவர் முகத்தில் உண்மையாகவே இருந்தது.

மறுபடி நிறுத்திய இடத்தில் பாறை முழுக்கப் பச்சைப் பாசி, மெத்தைபோல. அதில் கால் வைக்க வேண்டாம் என்றாள் ஆமினா. “இது வளர ஒரு ஆயுசு ஆவும். ஒரு தடவை மிதிச்சா அந்தக் காலடி அப்படியே நிக்கும். உங்க பேரப்புள்ளை வந்து பார்த்தாலும் தெரியும்.”

“அப்படியா!” என்றார் இராஜாங்கம். நன்னிலத்தில் தன் சிலைக்கு இடம் கேட்டு இரண்டு ஆட்சிக்கும் மனு கொடுத்துப் பார்த்தவர் அவர். ஆமினா தெர்மாஸை எடுக்கத் திரும்பிய நேரத்தில் பாதத்தை நன்றாக ஊன்றி ஒரு மிதி மிதித்தார். ஜெக்கரியா போட்டோ எடுத்தார்.

ஆமினா திரும்பிப் பார்த்தாள். மண்டியிட்டு, நசுங்கிய பாசியை விரலால் ஒவ்வொரு இழையாகத் தூக்கி நிறுத்தினாள். அது நிற்கவில்லை. வைரக்கண்ணு பக்கத்தில் உட்கார்ந்தார். நாற்று சாய்ந்தால் நிமிர்த்தும் பழக்கத்தில் அவர் கையும் போனது. எங்கள் வயலில் எத்தனை பேர் மிதித்தாலும் அடுத்த தண்ணீரில் மூடிக்கொள்ளும் என்று சொல்ல நினைத்தார். பிறகு கதிர் அறுத்துப்போன அந்த நாள் நினைவுக்கு வந்தது. அடுத்த இழையை நிமிர்த்தினார்.

அன்று தங்கியது மலையேறுகிறவர்களுக்காகக் கட்டிய ஒரு மரக்கொட்டகையில். சாப்பாடு முடிந்ததும் ஜெக்கரியா பையிலிருந்து தாளை எடுத்துப் பேனாவையும் அதன்மேல் வைத்தார். நிலத்தின் வழியே லாரி போகச் சம்மதம் என்று அதில் எழுதியிருந்தது.

“நாளைக்குப் பார்ப்பங்க. வெளக்கு வச்ச நேரத்துல மண்ணைக் குடுக்கக் கூடாது” என்றார் வைரக்கண்ணு.

“அண்ணே, வெளிய வெயில் அடிக்குது! இந்த மாசம் இங்க பொழுதே சாயாது.”

“ராசம்மா அங்க வெளக்கு வச்சு, அமத்திட்டுத் தூங்கியே போயிருப்பா.”

ஜெக்கரியா இராஜாங்கத்தைப் பார்த்தார். ஆனால் விளக்கு வைத்த பிறகு தயிரைக்கூட வெளியே கொடுக்காத வீடு அவருடையது. “அவன் சொல்றதும் சரிதான். காலைல பார்த்துக்கலாம்” என்றார். வெயில் சன்னலில் அடித்துக்கொண்டே இருந்தது.

* * *

காலையில் எரிமலை இருக்கும் இடத்துக்குப் போனார்கள். இராஜாங்கம் கோட்டைக் கழற்றி, தெர்மல் கால்சட்டைக்கு மேல் கட்சிக் கரை வேட்டி கட்டி, துண்டும் போட்டுக்கொண்டார். ஆமினா ஜீப்பை நிறுத்திய இடத்திலிருந்து நடை. முழங்கால் ஒவ்வொரு மேட்டிலும் அவருக்கு ஞாபகமூட்டியது.

மேட்டைத் தாண்டியதும் பள்ளம். பள்ளமெங்கும் தரை வெடித்து நீராவி சீறிக்கொண்டிருந்தது. குழிகளில் சாம்பல்நிறச் சேறு, கேழ்வரகுக் கூழ்போலக் குமிழி விட்டுக் கொதித்தது. அழுகிய முட்டை நாற்றம். மற்றபடி எங்கும் ஒரு பொறி இல்லை.

இராஜாங்கம் நாலாப்பக்கமும் பார்த்தார். “தீ எங்கம்மா?”

“கீழ இருக்குங்க.”

“எப்ப மேல வரும்?”

“வந்தா அதைப் பார்க்க நாம இருக்கமாட்டோம்.”

பேனரில் மலை வாயில் எப்போதும் எரிந்துகொண்டிருந்த நெருப்பு அவருக்கு நினைவு வந்திருக்கும். நிஜ எரிமலை இப்படிப் பேசாமல் இருக்கும் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. ஜெக்கரியாவையும் ஆமினாவையும் மேட்டிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, வைரக்கண்ணுவை மட்டும் பள்ளத்துக்குள் ஒரு கல்லுக்குப் பின்னால் அழைத்துப்போனார். இடுப்பிலிருந்து ஒரு பல்பொடி டப்பாவை எடுத்தார். ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்கள் என்று கற்பூரத்தை அதில் மறைத்துக் கொண்டுவந்திருந்தார்.

திறந்தார். டப்பா கிட்டத்தட்டக் காலி. அடியில் ஒரே ஒரு துண்டு, அதுவும் சுண்டைக்காய் அளவுக்கு.

கற்பூரம் காற்றில் கரைந்துபோகாமல் இருக்கக் கூடவே நாலு மிளகு போட்டு வைப்பது அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் வழக்கம். அகிலாண்டத்திடம் சொல்லியிருந்தால் போட்டுக் கொடுத்திருப்பாள். அவளுக்குத் தெரியாமல் கொண்டுவந்த கற்பூரம் வழியெல்லாம் கரைந்து, சத்தியத்தை மீறப் போகிறவர் உடம்பெல்லாம் கோயில் வாசனையைப் பூசிவிட்டுப் போயிருந்தது.

“ஒண்ணு போதும்” என்று தனக்கே சொல்லிக்கொண்டார் இராஜாங்கம். கல்லின் மேல் அதை வைத்தார். “வைரக்கண்ணு, அன்னைக்குக் கோயில்ல அணைச்சது ரெண்டு கை. இன்னைக்கும் ரெண்டு கை வேணும்.”

“எதுக்குங்க சேர்மன்?”

“சத்தியத்தை எறக்கி வச்சிரலாம். மனுசன் மூட்டாத தீ இது, அடியில எரியுதுல்ல. இதுங்கிட்ட எறக்கி வச்சா அம்மன் கேட்கமாட்டா. அப்பறம் நீயும் ஃப்ரீ, நானும் ஃப்ரீ.”

“நான் இப்பவும் அப்படித்தாங்க இருக்கேன்.”

“வெளங்காம பேசாத. உன் நெலத்துல வழி வுட்டாத்தான் என் நெலத்துக்கு மரியாதை. எவ்வளவு காலத்துக்கு மூணு மாவை வச்சுக்கிட்டுச் சேத்துல நிப்ப? என் காலைப் பாரு.” வேட்டியை ஒதுக்கி வீங்கிய முழங்காலைக் காட்டினார். டெல்டாவின் எரிமலை, கறுப்பு மணலில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, ஒரு காலத்துப் பண்ணையாளின் மகனிடம் கெஞ்சி நின்றது. “கண்ணு மூடுறதில்ல வைரக்கண்ணு. நெசமாவே பயமா இருக்கு.”

வைரக்கண்ணு அந்த முழங்காலைப் பார்த்தார். வீக்கம் பொய்யில்லை. பயமும் பொய்யில்லை. அந்த மனிதர் தன்னிடம் உண்மை பேசியது அதுதான் முதல் தடவை என்று அவருக்குப் பட்டது.

“பத்த வைங்க” என்றார்.

வழியில் வாங்கிய லைட்டர் பற்றியது, காற்று அடித்தது, அணைந்தது. மறுபடி பற்றியது. காற்று இராஜாங்கத்தின் துண்டைப் பிடுங்கிக்கொண்டு போனது. கட்சிக் கரை யாருக்கும் சொந்தமில்லாத அந்த நிலத்தின் மேல் புரண்டு புரண்டு ஓட, மேட்டிலிருந்து ஆமினா அதைத் துரத்திக்கொண்டு ஓடினாள். இராஜாங்கம் திரும்பிப் பார்க்கவில்லை. “மறைச்சுக்க, மறைச்சுக்க” என்றார். வைரக்கண்ணு மண்டியிட்டுக் கோட்டை விரித்துக் காற்றை மறைத்தார். கற்பூரம் பிடித்துக்கொண்டது.

“வையி கையை, சீக்கிரம்!”

வைரக்கண்ணுவின் இரண்டு கைகளும் போயின. ஆனால் நெருப்பின் மேல் போகவில்லை. சுற்றிப் போய், குழந்தை வாயருகே பால் பிடிப்பதுபோல இரண்டு பக்கமும் குவிந்து நின்றன. உள்ளே சுடர் நிமிர்ந்து நின்றது.

“என்னடா பண்ற? அணை!”

“எரியட்டுங்க.”

இராஜாங்கம் கையைக் கொண்டுவந்தார். நெருப்பைத் தொட வேண்டுமானால் அந்தக் கைகளை விலக்கியாக வேண்டும். அவர் கை அவற்றின் மேல் நின்றது. பிடித்து இழுத்திருக்கலாம். அவர் தகப்பனார் காலத்தில் ஆள் விட்டு ஒடித்தே இருப்பார்கள். இங்கே ஆள் இல்லை. மேட்டில் நின்ற ஜெக்கரியாவும் இந்த நேரத்துக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்.

“அன்னைக்கு உங்க கை மேல என் கை இருந்திச்சு” என்றார் வைரக்கண்ணு, தலையைத் தூக்காமல். “கோயிலுக்குள்ள. எங்கப்பன் அந்த மதிலைக்கூடத் தொட்டதில்ல. நீங்க எறக்கி வைங்க சேர்மன், ஒங்களுக்குப் பாரம். நான் எதைங்க எறக்கி வைக்கிறது?”

சுண்டைக்காய்க் கற்பூரம் எவ்வளவு நேரம் எரியும். சுடர் குறுகியது, நீலமானது, தானாகப் போனது. அணைக்க ஒன்றும் மிச்சமில்லை. கல்லில் ஒரு கரிப்புள்ளி மட்டும் இருந்தது. வைரக்கண்ணுவின் உள்ளங்கைகள் சிவந்திருந்தன.

துண்டைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க வந்த ஆமினா கரியைப் பார்த்தாள். குனிந்து கையுறையால் தேய்த்தாள். “இங்க எதையும் வுட்டுட்டுப் போகக் கூடாதுங்க” என்றாள்.

ஜெக்கரியாவின் தாள் கையெழுத்தில்லாமலே ஊருக்குத் திரும்பியது.

* * *

மூன்று மா கிடைக்காததால் இருபது ஏக்கர் பயன்படாமல் போனது. கம்பெனி கடலோரமாக வேறு ஒரு ஊர் பார்த்துப் போய்விட்டது. அங்கேயும் ஒரு சேர்மன் இருப்பார்.

வடவேற்குடியில் பேனர் கட்டினார்கள். ‘எரிமலையின் வாயில் நின்று சத்தியம் காத்த எங்கள் எரிமலையே!’ படத்தில் இராஜாங்கம் பாசியை மிதித்துக்கொண்டு நின்றார். பிடாரியம்மன் கோயிலில் அவருக்குப் பரிவட்டம் கட்டிப் பாராட்டு. இந்தத் தடவை டிவி வரவில்லை. கேமரா இல்லாததால் கூட்டம் போதுமானதாகவே தெரிந்தது. கீழத்தெரு சனங்கள் பழையபடி தேரடியில் வெயிலில் நின்றார்கள். வைரக்கண்ணு வாசல்படிக்கு வந்ததும் விழாக் குழுவில் ஒருவர், “உள்ள எடமில்லப்பா. இன்னைக்குச் சத்தியம் ஒண்ணும் இல்லையே” என்றார். கேலி இல்லை, விவரம் சொல்லும் குரல்தான்.

“வா, போவலாம்” என்று ராசம்மாள் அவர் சட்டையைப் பிடித்தாள்.

“இரு” என்றார் வைரக்கண்ணு. படியிலேயே நின்றார்.

உள்ளே மைக்கில் இராஜாங்கம் பேசிக்கொண்டிருந்தார். “கீழே அக்கினிக் குழம்பு! மேலே ஆவி! அந்த விளிம்பிலே நின்று, உங்கள் முகங்களை எண்ணி, என் இந்தக் கையாலே கற்பூரத்தை...”

அங்கே அவர் பார்வை வாசலுக்குப் போய்விட்டது. வைரக்கண்ணு ஒன்றும் செய்யவில்லை. இரண்டு கைகளும் வெறுமனே தொங்கின.

மைக் வீல் என்று கத்தியது. இராஜாங்கத்தின் வீங்கிய முழங்கால் மடங்கியதை முன்வரிசையில் இருந்த அகிலாண்டம் பார்த்தாள். அவருக்கு அடுத்த சொல் வரவில்லை. அந்த மாதிரி நேரத்தில் கண்ணில் பட்டவரைச் சொல்லித் தப்பிப்பதுதான் மேடை வழக்கம்.

“வைரக்கண்ணு! ஏன் அங்கயே நிக்கிற? உள்ள வா” என்றார் மைக்கில். குரலில் எரிமலை இல்லை. “எல்லாரும் வாங்க. இடம் இருக்கு.”

மைக்கில் சொன்னதை மறுத்துச் சொல்ல இன்னொரு மைக் இல்லை. விழாக் குழுக்காரர் ஒதுங்கினார். வைரக்கண்ணு படி ஏறினார். ராசம்மாள் ஏறினாள். சேர்மனின் பெருந்தன்மை என்று அடுத்த பேனரில் அது வந்தது. பயம் என்று எழுதினால் பேனரில் நன்றாக இருக்காது.

பூசாரி தட்டோடு வந்தார். சனங்கள் சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். வைரக்கண்ணுவிடம் தட்டு வந்தபோது அவர் தொடவில்லை. இரண்டு கையையும் சுடருக்கு இருபுறமும் குவித்து வைத்துக்கொண்டு நின்றார்.

“என்னப்பா, காத்தே இல்லையே” என்றார் பூசாரி.

“தொட்டுக்கிட்டு நவுறு” என்று ராசம்மாள் மெல்ல இடித்தாள். “பின்னால நிக்கிறாங்க.”

பின்னால் கீழத்தெரு முழுசும் நின்றது.